எஞ்சின் மாற்றும் முன் அளவுத் தாளைக் கேளுங்கள்: லாரி உரிமையாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டார லாரி உரிமையாளர் சங்க நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

பதினைந்து வயதை எட்டிய டாடா 1613, 2515 வண்டிகளை இன்னும் சில வருடம் ஓட்டலாம் என்று உங்கள் உறுப்பினர்கள் நினைப்பதில் தவறில்லை. சேஸில் விரிசல் இல்லை, கியர் பாக்ஸும் பின் ஹவுசிங்கும் நன்றாக இருக்கின்றன என்றால், புது வண்டித் தவணையைவிட எஞ்சின் வேலை மலிவுதான். கட்டுபடியாகாமல் போவது அந்த வேலை நடக்கும் விதத்தால். கழட்டிப் போட்ட எஞ்சினை ஸ்டார்ட் செய்து, சத்தத்தைக் கேட்டு விலை பேசுகிறார்கள். ரீபோர் போட்ட (சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கிய) எஞ்சினுக்கு "செட் வேலை முழுவதும்" என்ற ஒற்றை வரியில் பில் வாங்குகிறார்கள். ஆறே மாதத்தில் எஞ்சின் ஆயில் குடிக்க ஆரம்பித்தால் பட்டறை டிரைவரைச் சொல்லும், டிரைவர் பட்டறையைச் சொல்வார். தாளில் ஒரு அளவும் இல்லாததால் யார் சொல்வது சரி என்று காட்ட வழியில்லை.

எஞ்சின் கட்டும் எங்களுக்கே இது சங்கடமான கோரிக்கைதான், இருந்தாலும் கேட்கிறோம்: உறுப்பினர் வண்டிக்கு எஞ்சின் கட்டும் எந்தப் பட்டறையும் பில்லோடு அளவுத் தாள் (எஞ்சினில் அளந்த ஒவ்வொரு அளவையும் எழுதிய தாள்) தர வேண்டும் என்று சங்கம் தீர்மானம் போடட்டும். அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும், ஏன் என்பதைச் சொல்லவே இந்த மடல்.

முதலில், எந்த எஞ்சின் என்ற கேள்வி. டாடா 697 என்பது 97 மி.மீ. போர் (சிலிண்டர் துளையின் விட்டம்), 128 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 5,675 சி.சி.; மெர்சிடிஸ் ஓ.எம். 352 வழி வந்தது. கம்மின்ஸ் 6பி.டி. என்பது 102 மி.மீ. போர், 120 மி.மீ. ஸ்ட்ரோக், 5,883 சி.சி. இரண்டுக்கும் இருநூறு சி.சி.தானே வித்தியாசம் என்று 697-ஐ இறக்கிவிட்டுக் கம்மின்ஸை ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். எஞ்சின் சேஸில் உட்கார்ந்துவிடும். பிறகுதான் செலவு தொடங்கும். மவுண்டிங், பெல் ஹவுசிங் (கிளட்சை மூடும் கூடு), கிளட்ச், ரேடியேட்டர், ஃபேன் கவுல், இண்டர்கூலர் இருந்தால் அதன் குழாய்கள், சைலன்சர் பைப், ஆக்சிலேட்டர் லிங்கேஜ் எல்லாம் மாறும். எஞ்சின் முன்னே பின்னே நகர்ந்தால் ஜாயிண்ட் ஷாஃப்ட் கோணமும் மாறி, கிராஸ் (ஷாஃப்ட் மூட்டு) அடிக்கடி போகும். அதே மாடலில் கம்மின்ஸோடு வந்த ஒரு முழு வண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துப் போட முடிந்தால் செய்யலாம். எஞ்சினை மட்டும் வாங்கி வந்து மற்றதை வெல்டிங்கில் சமாளிப்பது வேண்டவே வேண்டாம். எந்த எஞ்சின் ஏறினாலும், ஃப்ளைவீலில் டயல் கேஜை நிறுத்திப் பெல் ஹவுசிங் துளையைச் சுற்றிப் பார்க்காமல் கியர் பாக்ஸைத் தூக்காதீர்கள். கேஜ் முள் 0.20 மி.மீ.-க்கு மேல் ஓட்டம் காட்டினால் கிளட்ச் ஷாஃப்ட் பேரிங்கும் கிளட்ச் பிளேட் நடுவும் சீக்கிரமே சாகும்.

செகண்ட் ஹேண்ட் எஞ்சின் வாங்குவதானால் சத்தத்தை மறந்துவிடுங்கள். டேஷ்போர்டு மீட்டரை நம்பாமல், சொந்த ஆயில் பிரஷர் கேஜை ஆயில் கேலரியில் (பிளாக்குக்குள் ஆயில் ஓடும் வழியில்) மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு பாருங்கள். 6பி.டி.க்கு ஐடிலில் குறைந்தது 10 பி.எஸ்.ஐ., முழுச் சுற்றில் 30 பி.எஸ்.ஐ. வேண்டும். பழைய ஆயில் ஃபில்டரை அறுத்துக் காகித மடிப்புகளை விரித்துப் பார்த்தால் பேரிங் பொடி மினுமினுப்பது தெரியும். டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றி, உள்ளே சக்கரத்தின் இறகு நுனியை விரலால் தடவுங்கள். நுனி தேய்ந்து கூர்மையாகிவிட்டிருந்தால் அந்த எஞ்சின் புழுதி தின்ற எஞ்சின். ரிங்கும் போரும் அதே கதிதான். குவாரி ஓடிய வண்டிகளில் இது சர்வ சாதாரணம். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவிலுள்ள ரப்பர் ஹோஸில் ஒரு வெடிப்பு போதும்.

இனி கட்டும் வேலை. 6பி.டி.யில் தனி லைனர் (செருகும் சிலிண்டர் குழாய்) கிடையாது, பிளாக்கிலேயே போர். ஒவ்வொரு போரையும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் குறுக்கிலும் நெடுக்கிலும் அளந்து எழுத வேண்டும். முட்டை வடிவம் 0.038 மி.மீ., மேலும் கீழும் வித்தியாசம் 0.076 மி.மீ. தாண்டினால் ரிங்கை மட்டும் மாற்றுவது காசைத் தண்ணீரில் போடுவதுதான். ஓவர்சைஸ் பிஸ்டன் 0.50, 1.00 மி.மீ. என்று இரண்டு அளவில் வருகிறது. அதற்கும் மேல் போனால் ஸ்லீவ் குழாய் செருக வேண்டும். ரிங்கைப் போருக்குள் இறக்கி ஃபீலர் கேஜால் வாய் இடைவெளி பாருங்கள்: டாப் ரிங் 0.40 முதல் 0.70 மி.மீ., மற்றவை 0.25 முதல் 0.55.

ஹானிங் (போரைக் கல்லால் தேய்ப்பது) முடிந்த பிளாக்கை டீசலில் கழுவுவது நம் ஊர்ப் பழக்கம். டீசல் எண்ணெயை எடுக்கும், கல்தூளை எடுக்காது. சுடுநீரும் சோப்பும் பிரஷும் வேண்டும். பிறகு ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் போரைத் துடையுங்கள். துணி சாம்பல் நிறமானால் மறுபடி கழுவுங்கள். ரீபோர் போட்ட எஞ்சின் சீக்கிரம் புகைவதற்கு இது ஒன்றே பல சமயம் போதும்.

கிராங்க் அரைக்கும்போது ஜர்னல் (பேரிங் உட்காரும் உருளைப் பகுதி) ஓரத்து வளைவை முன்பு இருந்த அளவிலேயே விட வேண்டும். லேத்காரர் அவசரத்தில் அதைச் சதுர மூலையாக்கினால், லோடில் கிராங்க் அந்த இடத்திலேயே ஒடியும். பேரிங் உருகிய எஞ்சின் என்றால் ஆயில் கூலரைக் கழுவிப் போடாதீர்கள், மாற்றுங்கள். உள்ளே ஒட்டிய பொடி முதல் ஓட்டத்திலேயே புது பேரிங்கைத் தேடி வரும். பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீய்ச்சும் நாசில்கள் ஒவ்வொன்றும் திறந்திருக்கின்றனவா என்று கம்பி விட்டுப் பாருங்கள்.

ஸ்பேனரில் பைப் மாட்டிக் கைக் கணக்கில் போல்ட்டை இறுக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். 6பி.டி.யில் மெயின் கேப் 60, 119, 176 நியூட்டன் மீட்டர் என்று மூன்று படி. கன்ரோடு 35, 70, 100. ஹெட் போல்ட் எல்லாம் 90, நீள போல்ட் மட்டும் 120, பிறகு எல்லாவற்றையும் கால் சுற்று. நீண்டுபோன ஹெட் போல்ட்டை மறுபடி போட்டால் கேஸ்கட் ஊதும். கிராங்கின் முன்பின் ஆட்டம் 0.10-க்கும் 0.43 மி.மீ.-க்கும் நடுவில். டேப்பெட் (வால்வு) இடைவெளி குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.25, எக்ஸாஸ்ட் 0.51 மி.மீ. முன்பக்க கியர் ஹவுசிங்கில் உள்ள டவல் பின்னையும் (பொருத்து ஆணியையும்) கவனியுங்கள். அது தளர்ந்து வெளியே வந்து டைமிங் கியருக்குள் விழுவது அமெரிக்காவில் இதே எஞ்சின் உள்ள டாட்ஜ் பிக்கப் ஓட்டியவர்கள் நன்றாக அறிந்த கோளாறு. பக்கத்து போல்ட்டுக்கு அடியில் ஒரு சின்னத் தகடு கொடுத்துப் பின்னை மறித்தால் முடிந்தது. எஞ்சின் திறந்திருக்கும்போது பத்து நிமிட வேலை.

எஞ்சினைக் கொல்வது பெரும்பாலும் எஞ்சினுக்கு வெளியேதான் இருக்கிறது. நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஊற்றி, உள்ளே சுண்ணாம்பு படிந்துவிடும். புது எஞ்சினைப் பழைய ரேடியேட்டரோடு கட்டிவிட்டுத் தொப்பூர் ஏற்றத்தில் கொதிக்கிறது என்று தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிகிறார்கள். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் லோடு இல்லாதபோது சூடேறாது, கொஞ்சம் டீசல் எரியாமல் ஆயிலில் கலக்கும். ரேடியேட்டர் கோரை மாற்றி, கூலன்ட்டும் சுத்தமான தண்ணீரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். டீசல் பம்பைப் பெஞ்சில் காலிபரேட் செய்த தாளும் தனியாக வேண்டும். "இழுக்கலை" என்று டீசல் ஸ்க்ரூவைத் திருகிக் கரும்புகை வர வைத்தால், எக்ஸாஸ்ட் சூட்டில் பிஸ்டன் தலை வெடிக்கும், டர்போ போகும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டீசலை நிறுத்திவைத்து, ஆயில் பிரஷர் காட்டும் வரை ஸ்டார்ட்டரில் விட்டு விட்டுச் சுற்றுங்கள். அதன்பின் காலி வண்டியாக மெதுவாக ஓட்டி "பழக்குவது" வேண்டாம். லோடு இல்லாமல் ஓடினால் ரிங் போரில் உட்காராது, போர் கண்ணாடிபோல் வழவழப்பாகிவிடும். மிதமான லோடு ஏற்றி, ஒரே வேகத்தில் பிடிக்காமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள், ஐடிலில் நிறுத்திவைக்காதீர்கள். முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றி, அந்த ஃபில்டரையும் அறுத்துப் பாருங்கள்.

கடைசியாக ஆர்.சி. (பதிவுச் சான்று). மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்ற முடியாது. குறைந்தது பத்து வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும், அதே கம்பெனி, அதே வகை எஞ்சினை முன் அனுமதியின்றி மாற்ற மாநில அரசு அறிவிக்கை மூலம் அனுமதி தரலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. அவர்களும் 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். ஒரு வண்டி, இரண்டு வண்டிக்காரருக்கு இந்தச் சலுகை இல்லை. அது மத்தியச் சட்டம் என்பதால் சென்னையில் மனுக் கொடுத்து மாற்றிவிட முடியாது. ஆனால் எஞ்சின் மாற்றத்தைப் பார்த்துப் பதிய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கச் சொல்லிச் சங்கம் கேட்கலாம். விற்றவரின் பில், எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற ஆர்.சி. நகல், பென்சிலால் தேய்த்து எடுத்த எஞ்சின் நம்பர் பிரதி ஆகிய மூன்றும் இல்லாமல் எஞ்சினைப் பட்டறைக்குள் இறக்காதீர்கள். விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் நம்பரைப் பார்க்கும் நாளில் இவற்றைத் தேட முடியாது.

தாளின் மாதிரியை ஒரே பக்கத்தில் தயாரித்துத் தர நாங்கள் தயார். சங்க முத்திரையோடு அச்சடித்து உறுப்பினர்களுக்குக் கொடுங்கள். கட்டங்கள் நிரம்பாத தாளோடு வரும் பில்லுக்கு மீதிப் பணத்தை நிறுத்தி வைக்கலாம் என்பதையும் தீர்மானத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
எஞ்சின் பட்டறை மற்றும் லேத் தொழிலாளர்கள்