பழங்கார் புதுப்பிப்போர் சங்கம், கோவை: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை சங்கப் பட்டறையில் நடந்ததில் பாதிக்கு மேல் மட்கார்டு வேலைதான். அம்பாசிடர் ஆனாலும் பழைய ஃபியட் ஆனாலும் அடி ஓரத்தில் சேறு தங்கி உள்ளிருந்தே அரித்துவிடுகிறது. நல்ல தகடு தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டு, 20 கேஜ் கனமுள்ள சி.ஆர். (குளிர்நிலையில் உருட்டிய எஃகு) தகட்டில் ஒட்டுத் துண்டு அடித்தோம். எதிர்ப்பக்க மட்கார்டு நன்றாக இருந்தால் அதன்மேல் காந்தம் வைத்துக் காகிதத்தைப் படியவிட்டு அச்சு எடுத்து, திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். காகிதம் சுருங்கி மடிகிற இடத்தில் தகட்டைச் சுருக்க வேண்டும். கிழிகிற இடத்தில் மணல் பைமேல் வைத்துக் கொட்டாப்புளியால் அடித்து நீட்ட வேண்டும்.

அடித்தது சரியாக வந்தும் வெல்டிங்கில் இரண்டு ஒட்டுகள் அலையடித்துவிட்டன. ஒரே மூச்சில் ஓட்டியதுதான் காரணம். 25 மி.மீ.க்கு ஒரு டேக், அதாவது சிறு புள்ளி வெல்டு, வைக்க வேண்டும். ஒரு முனையில் வைத்தால் அடுத்தது எதிர்முனையில். கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கிய பிறகே மறு டேக். ஆறும்போது வெல்டு சுருங்கி இழுக்கும். அந்தக் கோட்டை மட்டும் அடியில் டாலி எனும் இரும்புத் தாங்குகட்டையைக் கொடுத்துத் தட்டினால் தகடு படிந்துவிடும். பட்டி பூசி மறைப்பதை வேலை என்று சொல்ல முடியாது.

துரு பிடிக்காது என்று ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகடு கொண்டுவருவதை உறுப்பினர்கள் நிறுத்த வேண்டும். துத்தநாகப் புகையை இழுத்தவருக்கு அன்று இரவே குளிர்காய்ச்சல் வரும்; வெல்டிலும் ஊசித் துளைகள் விழும்.

இனி கதவுக் கைப்பிடி. அசல் துத்தநாகக் கலவை வார்ப்பு வெடித்துவிட்டால் பற்றவைப்பது பாடு. பித்தளையில் வார்க்கலாம் என்று பழைய கைப்பிடியையே மணலில் பதித்து ஒன்று எடுத்தோம். பித்தளை ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 15 மி.மீ. சுருங்கும். 180 மி.மீ. கைப்பிடி ஏறத்தாழ 3 மி.மீ. குட்டையாகி, ஸ்க்ரூ துளை கதவுத் துளையோடு சேரவில்லை. ‘மூணு மில்லிதானுங்க, துளையை ராவிக்கலாம்’ என்றார்கள். ராவினால் கைப்பிடி ஆடும், கதவின் பெயிண்டும் பெயரும். உலோகம் சுருங்கும் அளவைச் சேர்த்தே கோடு போட்ட சுருக்க ஸ்கேலில் அளந்து, மணலில் பதிக்கும் மாதிரியை (பேட்டர்ன்) மரத்தில் செய்தபின் அடுத்தது சரியாக உட்கார்ந்தது. குரோம் பூச்சுக்கு முன் பாலிஷில் தேய்வதற்குப் பக்கத்துக்கு அரை மி.மீ. கூடுதலாக விட வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளவும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பித்தளைக்கு ஒன்று, அலுமினியத்துக்கு ஒன்று என இரண்டு சுருக்க ஸ்கேல் வாங்கப் பேரவையின் ஒப்புதல் கோருகிறேன்.

செயலாளர்