மல்லாவித் தம்பிக்கு: அறுவடை முடியுமட்டும் பாத்துக்கொண்டிருக்காத

தம்பி,

நேற்றுப் பின்னேரம் போனில கதைக்கேக்க எல்லாத்துக்கும் "ம்" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வைச்சிட்டாய். எழுதினா எண்டாலும் வாசிப்பாய் எண்டு எழுதுறன். பொதுவில போடுறன் எண்டு கோவிக்காத, உன்ர பேர் போடேல்லை. கிட்னி மாத்திப்போட்டு ஒவ்வொரு ரிப்போட்டுக்கும் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிற ஆக்கள் வன்னிக்குள்ள நீயும் நானும் மட்டும் இல்லை, அவையும் வாசிக்கட்டும்.

கிரியற்றினின், கிட்னி வெளியேத்தவேண்டிய கழிவு, கிட்னி பழுதாக இரத்தத்தில ஏறும், உனக்கு 1.2, பேந்து 1.5, இப்ப 1.8. மூண்டு மாசத்துக்குள்ள. டொக்டர் பயொப்சி, ஊசியால குத்திக் கிட்னியில ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பாக்கிறது, எடுக்கவேணும் எண்டுறார், நீ காலபோக அறுவடை முடியட்டும் எண்டுறாய். அதுக்கிடையில கொம்மா தந்த கிட்னி வீணாப் போயிடுமோ, திருப்பி டயாலிசிஸோ, அடுத்த கிட்னிக்கு ஆரிட்டப் போய் நிக்கிறது, கலியாணம் கட்டலாமோ எண்டு இருவது வருஷத்துக் கவலையை ஒரே இரவில பட்டுக்கொண்டு முழிச்சுக் கிடக்கிறாயாம், கொக்கா சொன்னவ.

என்ர கதையை உனக்கு முழுசாச் சொன்னதில்லை. எனக்கு மாத்தினது 2014இல, மனிசின்ர கிட்னி. எட்டு வருஷம் 1.3இல அசையாம நிண்டது. 2022இல நாடு வங்குரோத்தாகி மருந்துத் தட்டுப்பாடு வந்த நேரம் கிளினிக்கில ரெண்டு கிழமைக்குத்தான் குளுசை தந்தினம், மிச்சத்துக்குத் துண்டு எழுதி வெளியில வாங்கச் சொல்லிச்சினம், வெளியிலயும் இல்லை, இருந்தாலும் விலையைக் கேக்க ஏலாது, மோட்டச்சைக்கிளுக்குப் பெற்றோல் அடிக்கிறதெண்டா ஒரு நாள் கியூவில போகுது. நான் என்ன செய்தன் எண்டா, ஆருக்கும் சொல்லாம, காலமை ரெண்டு இரவு ஒண்டு எண்டு என்ர பாட்டில டக்ரோலிமஸை, உடம்பு மாத்தின கிட்னியை எதிர்க்காம வைச்சிருக்கிற குளுசையை, குறைச்சன். ஒரு மாசம் ஒண்டும் தெரியேல்லை. அதுதான் இந்தச் சனியனில உள்ள பிரச்சினை, உடம்பு கிட்னியை எதிர்க்கத் தொடங்கேக்க கனபேருக்கு நோவும் இல்லை காய்ச்சலும் இல்லை, பேப்பரில இலக்கம் மட்டும்தான் ஏறும். பேந்து கால் வீங்கிச்சுது, அப்பவும் வெயிலுக்கு எண்டு சொல்லி இன்னும் மூண்டு கிழமை இழுத்தன். போய்ப் பாத்தா 2.4. பயொப்சியில ரிஜெக்சன், உடம்பு கிட்னியை எதிர்க்குது, எண்டு வந்தது, மூண்டு நாள் ஸ்டீரொய்ட் சேலைனில ஏத்தினவை. 1.7க்கு இறங்கி நிண்டது, பழைய 1.3 திருப்பி வரவே இல்லை. மனிசிக்கு இதைச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் எடுத்தது. அவ கத்தேல்லை, குளுசைப் பெட்டியைத் தூக்கித் தன்ர அலுமாரிக்குள்ள வைச்சிட்டா, இண்டு வரைக்கும் அங்கதான் இருக்கு.

இப்ப உன்ர விசயத்துக்கு வாறன். நீ கேட்ட ஒரே கேள்வி, "ஊசி குத்தாம மருந்தைக் கொஞ்சம் கூட்டிப் பாக்க ஏலாதோ அண்ணை" எண்டது. ஏலாது, ஏனெண்டு சொல்லுறன். கிரியற்றினின் ஏறுறதுக்குக் காரணம் பல. உடம்பு எதிர்த்தாலும் ஏறும், அதுக்கு மருந்தைக் கூட்டவேணும். டக்ரோலிமஸ் கூடிப்போய் அந்த மருந்தே கிட்னியைச் சுட்டாலும் ஏறும், அதுக்குக் குறைக்கவேணும். பிகே எண்டு ஒரு வைரஸ், சின்ன வயசிலயே எங்கள் கனபேரின்ர உடம்புக்குள்ள வந்து படுத்திருக்கும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்க அது எழும்பி மாத்தின கிட்னியைத்தான் பிடிக்கும், அதுக்கும் குறைக்கத்தான் வேணும். கூட்டினா வைரஸுக்கு விருந்து. பேப்பரில மூண்டுக்கும் அதே 1.8தான், வைத்தியம் மட்டும் ஒண்டுக்கொண்டு நேரெதிர். சில இரத்தப் பரிசோதனை வழி காட்டும், வைரஸையும் இரத்தத்தில பாப்பினம், ஆனா கிட்னிக்குள்ள என்ன நடக்குது எண்டு அந்த நூல் மாதிரித் துண்டை மைக்கிரஸ்கோப்பில பாத்தாத்தான் முடிவாத் தெரியும். தெரியாம மருந்தை மாத்திறது இருட்டுக்குள்ள கிணத்தடிக்குப் போற மாதிரி.

குத்திறதும் நீ நினைக்கிறளவுக்கு இல்லை. மாத்தின கிட்னி முதுகுப்பக்கம் இல்லையே, அடிவயித்தில தோலுக்குக் கிட்டத்தான் இருக்கு, ஸ்கான் பாத்து, விறைக்க ஊசி போட்டு, டக் எண்டு ஒரு சத்தம், அவ்வளவுதான். பேந்து மணித்தியாலக் கணக்கா மல்லாந்து கிடக்கிறதுதான் கரைச்சல், எனக்கு முதுகு நொந்ததுதான் மிச்சம். சலம் ஒண்டு ரெண்டு தரம் சிவப்பாப் போகலாம், பயப்பிடாத, ஆனா கட்டியா வந்தாலோ சலம் அடைச்சாலோ உடன நேர்ஸைக் கூப்பிடு. அஸ்பிரின் போடுறாயோ எண்டு முதலே கேப்பினம், மறைக்காத.

டக்ரோலிமஸ் லெவல், இரத்தத்தில அந்த மருந்து நிக்கிற அளவு, கூடி நிக்குதெண்டா வீட்டுக்குள்ளயும் ஒருக்காத் தேடிப் பார். பம்பளிமாஸ் சாப்பிட்டனியோ? அது இரத்தத்தில இந்த மருந்தைக் கூட்டிவிடும், தோடம்பழம் மாதிரித்தானே எண்டு நினைக்கிறது பிழை. வயித்தோட்டம் வந்தாலும் லெவல் ஏறும். வயலில இடுப்பு நோவுக்கு எண்டு பாமசியில டைக்ளோபெனாக் வாங்கிப் போட்டிருந்தா அதையும் சொல்லு, அது லெவலுக்கு இல்லை, நேரா கிட்னிக்கே அடி. பெரியம்மா குடுத்துவிட்ட கசாயம் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை, அவ நல்ல மனிசி, ஆனா அந்தப் போத்தலைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டாமக் குடிக்காத.

வயல் சோலியும் அதுதான். உன்னை வயலுக்கை போகாத எண்டு சொல்ல எனக்கு வாய் வராது, சேறு இல்லாம எங்களுக்கு என்ன சீவியம். ஆனா எலிக்காய்ச்சல் கிருமி அந்தத் தண்ணிக்குள்ளதான் இருக்கு, அது நல்ல கிட்னியையே பிடிச்சு இழுக்கும். கால் புண்ணோட இறங்காத, பூட்ஸ் போடு, காய்ச்சல் எண்டா அண்டைக்கே ஆஸ்பத்திரி. இதில ஒரு பகிடி என்னெண்டா, எங்களை உயிரோட வைச்சிருக்கிற டக்ரோலிமஸே ஜப்பானில சுகுபா எண்ட இடத்தில மண்ணுக்குள்ள கிடந்த ஒரு பக்டீரியாவில இருந்து 1984இல எடுத்ததுதான்.

எத்தினை வருஷம் ஓடும் எண்டு கேட்டாய். உயிரோட இருக்கிற ஆள் தந்த கிட்னி சராசரியா 15, 20 வருஷம் எண்டுவினம். சராசரியை வைச்சு ஆரும் பிறந்தநாள் கொண்டாடேலாது, எனக்கு நாளையும் போகலாம். போனா டயாலிசிஸ் இருக்கு, கிழமைக்கு மூண்டு தரம் நாலு மணித்தியாலம் மிசினில, இல்லாட்டி வீட்டிலயே வயித்துக்குள்ள தண்ணி விட்டு எடுக்கிறது, ஒரு நாளைக்கு நாலு பை, துப்பரவா ஒரு அறை வேணும். ரெண்டாந்தரம் மாத்தினவையும் இருக்கினம். உன்ர மச்சான் சொல்லுற மாதிரி இந்தியாவில காசு குடுத்து வாங்கிற கதை வேண்டாம், அங்க 1994 சட்டப்படி குற்றம், இங்க 1987ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அதைவிட ஆரோ ஒரு ஏழையின்ர வயித்தைக் கீறிறது. கலியாணத்தைப் பற்றி, கட்டு, ஆனா முதல்லயே சொல்லிப்போட்டுக் கட்டு, பிள்ளை பெறமுதல் உன்ர குளுசையளைப் பற்றிக் கிளினிக்கில கேள்.

கொம்மாவைப் பற்றி ஒண்டு. அவ தந்தது வீணாப் போகுது எண்டு நீ அழுறாய், அவவின்ர பிரஷரையும் சலத்தையும் கடைசியா எப்ப செக் பண்ணினவை எண்டு உனக்குத் தெரியுமோ? ஒரு கிட்னியோட இருக்கிற ஆள் வருஷத்துக்கு ஒருக்காப் பாக்கவேணும். அவவையும் கூட்டிக்கொண்டு வா.

அறுவடைக்கு ஆள் பிடிக்கலாம், மெசின் கேட்டிருக்கிறன், உன்ர ரெண்டு ஏக்கரையும் எங்கட வயலோட சேத்து வெட்டுவம். செவ்வாய் இரவு கண்டி பஸ்ஸுக்கு மாங்குளம் சந்தியில நிப்பன், கிளினிக் கொப்பியும் பழைய ரிப்போட் எல்லாமும் எடுத்துவை. புதன் காலமைக் குளுசையைப் போட்டிடாத, கையில கொண்டுவா, லெவலுக்கு இரத்தம் எடுத்தாப்பிறகுதான் போடவேணும்.

அண்ணை