சுத்தியலால் தட்டிப் பார்த்தீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய இரும்புப் பாலங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். துருவேறிய பாலத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதுதான் புத்திசாலித்தனம் என்று முடித்திருந்தார்கள். பாலங்களைச் சோதிக்கும் வேலையிலேயே தலை நரைத்தவன் நான், சும்மா இருக்க முடியவில்லை.

துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். கை நிறையச் செதில் உதிர்ந்தாலும் தகட்டில் போயிருப்பது ஒரு மில்லிமீட்டராக இருக்கலாம். கட்டுரையோடு வந்த படத்தில் பயமுறுத்துவது பெரும்பாலும் இந்தத் துருதான். ரிவெட் (இரு பக்கமும் தலை உள்ள இரும்பு ஆணி) அடித்துச் சேர்த்த இரண்டு தகடுகளுக்கு நடுவே புகுந்த துரு அப்படியல்ல. அது வெளியே தெரியாமல் உப்பித் தகட்டை வளைக்கும், கடைசியில் ரிவெட் தலையையே தெறிக்க வைக்கும். இதைப் பிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ரிவெட்டின் ஒரு தலையில் விரலை வைத்துக்கொண்டு மறு தலையைச் சிறு சுத்தியலால் தட்டினால் போதும். இறுக்கமாக இருந்தால் கணீரென்று கேட்கும். தளர்ந்திருந்தால் சத்தம் மந்தமாகும், விரலுக்கும் அசைவு தெரியும். தலைக்குக் கீழே செம்பழுப்புக் கோடு வழிந்திருந்தால் தட்டாமலே சந்தேகப்படலாம்.

அப்புறம், அது எந்த இரும்பு? கட்டுரை இதைத் தொடவே இல்லை. உருக்கி அச்சில் ஊற்றிய வார்ப்பிரும்பு அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுவிசை வந்தால் முன்னறிவிப்பே இல்லாமல் உடையும். இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றின் மேல் 1779-இல் எழுப்பிய வார்ப்பிரும்புப் பாலம் வளைவாக இருப்பதால் பெரும்பாலும் அழுத்தத்தையே தாங்கி இன்றும் நிற்கிறது. அதே நாட்டில் டீ ஆற்றுப் பாலத்தின், அடிப்பக்கம் இழுபடும் நேரான வார்ப்பிரும்பு உத்தரம் 1847-இல் ரயில் போகும்போதே உடைந்து ஐந்து பேர் இறந்தார்கள். அந்தப் பாலம் திறந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. வயதையும் துருவையும் மட்டும் பார்த்துப் பாலத்தை எடைபோட முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

தேனிரும்பு, அதாவது அடித்தும் உருட்டியும் உருவாக்கிய பழைய வகை இரும்பு, இன்னும் வேடிக்கையானது. உள்ளே கசடு (உருக்கும்போது தங்கிவிட்ட கழிவு) இழை இழையாக ஓடும், துருப் பிடித்தால் ஏடு ஏடாகப் பிரியும். ஒலியலைக் கருவியால் தடிமன் அளந்தால் அலை பாதி வழியில் கசடில் மோதித் திரும்பிவிடும், 12 மி.மீ. தகடு 5 என்று காட்டக்கூடும். தகட்டை இரு பக்கமும் கவ்வி அளக்கும் கேலிப்பரால் ஒருமுறை சரிபார்க்காமல் அந்தக் கணக்கை நம்பினால் நல்ல பாலம் வீணாகிவிடும். தேனிரும்பில் வெல்டிங்கும் யோசித்துத்தான் செய்ய வேண்டும். அரித்த துண்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகட்டைப் போல்ட்டால் இணைப்பதே பெரும்பாலும் பாதுகாப்பு.

துருவின் மேலேயே பெயிண்ட் அடிப்பதைப் பராமரிப்பு என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அது துருவுக்குப் போர்வை போர்த்துவது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்பதால், திரை கட்டாமல் சுரண்டினால் எல்லாம் ஆற்றில்தான் விழும்.

அடுத்த முறை படம் எடுக்கப் போகிறவர், உத்தரத்தின் முனை, தூணின் மேலுள்ள தாங்கியில் உட்காரும் மூலைக்கு ஒரு டார்ச்சோடு போகட்டும். சுமை முழுவதும் அங்கேதான் இறங்குகிறது. அடைத்துக்கொண்ட வடிகாலில் இருந்து ஒழுகும் தண்ணீரும், மண்ணும், புறா எச்சமும் சேருவதும் அங்கேதான். அந்தப் படத்தைப் போடுங்கள். இடிப்பதா வேண்டாமா என்று அப்புறம் பேசலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலச் சோதனைப் பணியாளர்