முனிச்சில் முள் அதிகம் திரும்பும்

அன்புள்ள மகளுக்கு,

ஜெர்மனியில், உங்கள் முனிச்சில், பேரன் பள்ளிக்காக, மின்சாரம் உண்டாக்கும் காந்தப்புலத்தைத் திசைகாட்டியால் அளக்கப் போகிறான் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குக் கை துறுதுறுவென்கிறது. போனில் கணக்குச் சொன்னால் பாதியில் 'சரிப்பா' என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

பிளஸ் டூ பிராக்டிகலில் நீ செய்த டேஞ்சன்ட் கால்வனாமீட்டர்தான் இது, முள் திரும்பும் கோணத்தை வைத்து அளக்கும் கருவி. 8 செ.மீ. ஆரத்தில் 10 சுற்று செம்புக் கம்பி, அதை நிமிர்த்தி நடுவில் படுக்கையாகத் திசைகாட்டி. சுருளின் தளம் முள்ளோடு சேர்ந்து வடக்கு தெற்காக இருக்கட்டும். இரும்புக் கால் மேசையும் செல்போனும் பக்கத்தில் கூடாது. 0.3 ஆம்பியர் ஓடினால் நடுவில் சுமார் 24 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) புலம் வரும்.

1820இல் கோபன்ஹேகனில் ஓர்ஸ்டெட் என்ற விஞ்ஞானி, மின்னோட்டம் ஓடும் கம்பிக்கு அருகில் முள் அசைவதைக் கண்டார். அசைவைக் காட்டுவது எளிது, அளவு சொல்வதில்தான் சிக்கல். பூமி முள்ளை வடக்கே இழுக்கிறது, சுருள் குறுக்கே இழுக்கிறது. முள் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. திரும்பிய கோணத்தின் டேஞ்சன்டைப் (கால்குலேட்டரில் tan) புவிப்புலத்தின் கிடைத்தளக் கூறால், அதாவது அதில் தரைக்கு இணையாக இருக்கும் பகுதியால், பெருக்கினால் சுருளின் புலம் கிடைத்துவிடும்.

இந்தக் கிடைத்தளக் கூறு ஊருக்கு ஊர் மாறும். புவிப்புலம் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் காந்த நடுக்கோடு நம் தென்கோடிக்கு அருகில் போவதால் திருநெல்வேலியில் அது சுமார் 40 மைக்ரோடெஸ்லா. முனிச்சில் சுமார் 21தான். அங்கே புவிப்புலத்தின் பெரும்பகுதி செங்குத்தாகத் தரைக்குள் இறங்குகிறது. அதே சுருள், அதே மின்னோட்டம்: இங்கே முள் 30 பாகை திரும்பினால் அங்கே 48. நம்மூர்ப் பாடப்புத்தக எண்ணை அவன் போட்டால் விடை கிட்டத்தட்ட இருமடங்காகிவிடும். இங்கிருந்து கொண்டுபோன திசைகாட்டியும் வேண்டாம். அங்கே அதன் வடமுனை கீழே சாய்ந்து அடியில் உரசும்.

மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டு, முள்ளின் இரு முனைகளையும் படித்து, நான்கு அளவுகளின் சராசரியை எடுக்கச் சொல். இந்தப் பொறுமை உன்னிடம் இருந்ததில்லை, அவனுக்காவது வரட்டும்!

பேட்டரி செல்லை நேராகச் சுருளில் மாட்டக் கூடாது, கம்பி சூடேறும். பழைய ரக டார்ச் பல்பு ஒன்றைத் தொடரில் போடுங்கள். ப்ளக் பாயின்ட் பக்கமே போகக் கூடாது. ஆபத்து ஒருபுறம் இருக்க, ஏசி விநாடிக்கு 50 சுழற்சி ஓடுவதால் முள் அதைப் பின்தொடர முடியாது.

அப்புறம், மல்டிமீட்டர் காட்டிய ஆம்பியரையும் கோணங்களையும் எனக்கு அனுப்பச் சொல். இங்கே நானும் அதே சுருளைச் சுற்றி அதே மின்னோட்டத்தைச் செலுத்துகிறேன். அவன் டேஞ்சன்டை என்னுடையதால் வகுத்தால் இரண்டு ஊர்ப் புலங்களின் விகிதம் வர வேண்டும். இரண்டுக்குக் கொஞ்சம் குறைவாக.

அன்புடன்,
அப்பா