சாப்பாட்டு மேசையும் உன் கழுத்தும்

ஜோர்ஜ் டவுன், பினாங்கு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

உன் கழுத்தும் வலது தோளும் இரண்டு மாதமாக உன்னைத் தூங்க விடவில்லை என்பதும், கோடாலித் தைலம் புட்டி புட்டியாகத் தீர்கிறது என்பதும் நேற்று மருமகள் தொலைபேசியில் பேசியபோதுதான் எனக்குத் தெரிந்தது. என்னிடம் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை; அது இருக்கட்டும். கையால் தொட்டும் அழுத்தியும் தசைப் பிடிப்பையும் மூட்டு இறுக்கத்தையும் இளக்கும் ஆஸ்டியோபதி சிகிச்சைக்குப் போகலாமா, அது வைத்தியமா ஏமாற்றா என்று அவளிடம் கேட்டாயாம். போன ஆண்டு அந்தக் கட்டிலில் ஆறு முறை படுத்து எழுந்தவள் நான்தான் என்பதால் அதை என்னிடமே கேட்டிருக்கலாம்.

முதலில் ஒன்று. கணினிச் சுட்டியை எட்டிப் பிடிக்கும்போது உன் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மரத்துப்போகின்றன என்று அவள் சொன்னாள். அப்படியானால் நீ முதலில் பார்க்க வேண்டியவர் டாக்டர். கழுத்தின் ஏழு எலும்புகளில் 5ஆவதற்கும் 6ஆவதற்கும் இடையில் வெளிவரும் நரம்பு நெருக்கப்பட்டால் அந்த விரல்களில் மரப்பு வரும். மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டாலும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் வரும். எது என்று உன் கம்பெனி ஏற்பாடு செய்திருக்கும் பேனல் கிளினிக் டாக்டர் சோதித்துச் சொல்லட்டும், தேவையென்றால் நிபுணரிடம் அனுப்பட்டும். கையில் பலம் குறைந்தாலோ, நடை தடுமாறினாலோ, சிறுநீர் அடங்காமல் போனாலோ, இதுவரை வராத கடுமையான தலைவலி திடீரென்று வந்தாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடு.

டாக்டர் பயமில்லை, தசைப் பிடிப்புதான் என்று சொன்ன பிறகு மீதியைப் படி.

நான் பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் நிறுவனத்தில் தட்டச்சராக இருந்த காலத்தில் எனக்குக் கழுத்து வலி என்ற ஒன்று தெரியாது. வரி முடியும்போது மணி அடிக்கும், இடது கை உயர்ந்து நெம்புகோலைத் தள்ளும். பக்கம் முடிந்தால் கார்பன் தாளை எடுத்து அடுக்கி, புதிய தாளைச் சுருட்டி ஏற்ற வேண்டும். கோப்பை எடுக்க எழுந்து போக வேண்டும். கணினி வந்ததும் அந்த அசைவுகள் எல்லாம் ஒரேயடியாக நின்றன. வலி தொடங்கியது அந்த ஆண்டில்தான். தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ, கடையில் வாங்கும் ஓர் அரிசிப் பை என்று வைத்துக்கொள். அதைத் தோளுக்கு நேர் மேலே வைத்திருந்தால் எலும்பு தாங்கும். முன்னால் நீட்டிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்தால் பின்கழுத்துத் தசைகள் அதை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

நான் பார்த்தவர் இங்கிலாந்தில் படித்து வந்த ஒரு சீனப் பெண்மணி. முதல் நாள் அரைமணி நேரம் அவர் என்னைத் தொடவே இல்லை. எப்போது வலிக்கிறது, எந்தப் பக்கம் படுக்கிறேன், பையை எந்தத் தோளில் மாட்டுகிறேன், முன்பு ஏதேனும் விபத்து உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு நிற்கச் சொன்னார், தலையைத் திருப்பச் சொன்னார். வலப்பக்கம் சன்னல் வரை திரும்பியது. இடப்பக்கம் சுவரிலிருந்த நாள்காட்டியோடு நின்றுவிட்டது.

அடுத்து அவர் செய்ததை நான் எங்கும் பார்த்ததில்லை. மேசை முன் உட்காரவைத்து, எதிரே தன் கணினியை வைத்து, ஒரு பக்கத்தைப் படிக்கச் சொன்னார். நான் படிக்கத் தொடங்கியதும் என் மோவாய் தானாக மேலே எழுந்தது. காரணம் என் பைஃபோக்கல் கண்ணாடி. கிட்டப் பார்க்கும் பகுதி அதில் கீழே இருப்பதால், திரையைப் படிக்க நான் தலையைப் பின்னால் சாய்த்து மண்டையோட்டின் அடியிலுள்ள சிறு தசைகளை நாள் முழுக்க நசுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்தில் இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லும் விதிப்படி மானிட்டரின் கீழே இரண்டு தடித்த புத்தகங்களை நானே அடுக்கி வைத்திருந்தேன்! என்னைப் போன்றவர்களுக்குத் திரை தாழ்ந்திருக்க வேண்டும். உனக்கு நேர் எதிர்: சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக் குனிகிறாய், ஆகவே அதை உயர்த்தி, விசைப்பலகையையும் சுட்டியையும் தனியாக இணைத்து, முழங்கை உடம்போடு ஒட்டியிருக்கும்படி கிட்டே வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகுதான் கட்டில். பெரும்பகுதி மென்மையான அழுத்தம்தான்: பின்தலையின் கீழ் விரல் நுனிகளை வைத்துத் தசை தானாக இளகும் வரை காத்திருப்பார். வலிக்கும் இடத்தோடு நிற்காமல், மேல் விலா எலும்புகளையும், மூச்சு விடும்போது தோள் ஏறுகிறதா என்பதையும், மேல்முதுகு எங்கே இறுகியிருக்கிறது என்பதையும் தொட்டுப் பார்த்தார். தலையைத் தம் உள்ளங்கைக்கு எதிராக மெல்லத் தள்ளச் சொல்லி, சில விநாடி நிறுத்தி, விடச் சொல்லி, அந்த இளக்கத்தில் இன்னும் சற்றுத் திருப்புவார். மூன்றாம் முறை செய்தபோது நாள்காட்டியைத் தாண்டி, கதவின் கைப்பிடி தெரிந்தது. எழுந்து உட்கார்ந்ததும் சிரித்துவிட்டேன்.

ஆனால் அது மூன்று நாள்தான் நீடித்தது, நான்காம் நாள் வலி திரும்பி வந்தது. அவரிடம் சொன்னதும், “என் கை உங்களுக்கு மூன்று நாள் வாங்கித் தருகிறது, அந்த மூன்று நாளில் நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டார். நான் ஒன்றும் செய்யவில்லை. அதன் பிறகுதான் அவர் காட்டிக்கொடுத்த பயிற்சிகளை ஒழுங்காகச் செய்தேன், அரைமணிக்கு ஒரு முறை எழுந்தேன். தொட்டுச் செய்யும் வைத்தியம் மட்டும் என்பதைவிட அதோடு உடற்பயிற்சியும் சேர்ந்தால்தான் கழுத்து வலிக்குப் பலன் அதிகம் என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள். அரசு மருத்துவமனையின் பிசியோதெரபியிலும் இந்த வேலையில் பாதி நடக்கும், மலிவாகவும் இருக்கும். உனக்குப் பொறுமை இருந்தால் அங்கேயே போகலாம்.

ஆஸ்டியோபதியைத் தொடங்கியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர். 1874இல் அறிவித்து, 1892இல் மிசூரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் என்ற ஊரில் பள்ளி தொடங்கினார். உடம்பைச் சீராக்கினால் எல்லா நோயும் தீரும் என்ற அளவுக்கு அவர் போனார். அதை நான் நம்பவில்லை. கழுத்துப் பிடிப்புக்குப் போகிறவன் அதற்கு மட்டும் வைத்தியம் பார்த்துக்கொண்டு திரும்பிவிடு, வயிற்றுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அங்கே வைத்தியம் கேட்காதே.

உன் அப்பா இருந்தபோது நடந்ததை உனக்குச் சொன்னதில்லை. ஒரு மசாஜ் கடையில் ஒருவர், ஒரு கேள்வியும் கேட்காமல், பேசிக்கொண்டே என் தலையைப் பிடித்துச் சட்டென்று திருகினார். சொடக்கென்று சத்தம் வந்தது, “எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது” என்றார். மூன்று நாள் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. அந்தச் சத்தம் மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாவதால் வருவது, எந்த எலும்பும் எங்கும் போய்த் திரும்புவதில்லை. கழுத்தை வேகமாகத் திருகினால், மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனியின் சுவர் கிழிந்து பக்கவாதம் வரும் ஆபத்து அரிதாக உண்டு. ஆகவே சத்தம் வரும்படி திருக வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடு. என் சீனப் பெண்மணி அதை ஒரு முறையும் செய்யவில்லை, எனக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

நம் மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் ஆஸ்டியோபதியும் ஏற்கப்பட்ட துறைகளில் ஒன்று. பதிவு பெற்றவரா என்று கேள்; கேட்டதும் முகம் சுளிக்கிறவரிடம் படுக்காதே. முதல் நாளே பன்னிரண்டு முறைக்கு முன்பணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடு. நாலைந்து முறையில் ஒரு மாற்றமும் தெரியவில்லை என்றால் நிறுத்திக்கொள், டாக்டரிடம் திரும்பிப் போ.

தைப்பூசத்துக்கு இ.டி.எஸ். ரயிலில் வருவதாகச் சொன்னீர்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி ஏறுவது உன் கழுத்துக்கு ஒன்றும் செய்யாது, ஏறு. பால்குடத்தை மட்டும் இந்த ஆண்டு மருமகள் எடுக்கட்டும். நான் அவளிடம் பேசிவிட்டேன், அவளுக்குச் சம்மதம். ரயிலில் தோள்பையைக் கொண்டுவராதே, சக்கரம் வைத்த பெட்டியைக் கொண்டு வா.

டாக்டரைப் பார்த்த அன்றே கூப்பிடு. எட்டு மணிக்கு மேல் கூப்பிடு, அதற்கு முன் நான் தமிழ்ச் செய்தி பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
அம்மா