இரண்டாவதாக அச்சான பெயருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள டேவ் ஆர்னெசன் சார்,

வணக்கம். நீங்கள் காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன, இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரப்போவதில்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். படிக்கப்போவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஒரு நடுவர் கதையை நகர்த்த, மற்றவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பாத்திரமாக ஆடுவது) ஆடுகிற, அல்லது ஆடிப் பார்க்கலாமா என்று யோசிக்கிற நம்ம ஆட்கள்தான். இந்த ஆட்டத்தை உருவாக்கியது யார் என்று அவர்களிடம் கேட்டால் கேரி கைகாக்ஸ் என்று சட்டென்று பதில் வரும். அவர் பெயர் அப்படிப்பட்டது. ஒரு கார்ட்டூன் தொடரில்கூட அவராகவே வந்து பகடை உருட்டிவிட்டுப் போனார். உங்கள் பெயரைச் சொன்னால் "அந்த இன்னொருத்தர்தானே?" என்பார்கள். 1974-இல் இந்த ஆட்டம் முதலில் விற்பனைக்கு வந்த பெட்டியின் மேல் "கைகாக்ஸ் அண்ட் ஆர்னெசன்" என்று இரண்டு பெயரும் இருக்கிறது. அந்த "அண்ட்"டுக்குப் பின்னால் இருப்பதைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும்.

ஆனால் உங்களிடமிருந்து ஆரம்பிக்கக்கூடாது. கதை உங்கள் நண்பர் டேவிட் வெஸ்லியிடமிருந்து தொடங்குகிறது, இதை நீங்களே மறைத்ததில்லை. மினசோட்டாவில் மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற இரட்டை நகரத்தில், பொம்மைச் சிப்பாய்களை மேஜையில் நிறுத்தி நெப்போலியன் காலத்துப் போர்களை ஆடிக்கொண்டிருந்த கூட்டம் உங்களுடையது. வெஸ்லி பல்கலைக்கழக நூலகத்தில் 1880-இல் வந்த ஒரு புத்தகத்தைக் கண்டெடுத்தார். சார்ல்ஸ் டாட்டன் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி எழுதிய போர்ப் பயிற்சி விளையாட்டு அது. அதில் ஒரு நடுவர் உண்டு, விதியில் இல்லாத எதை ஆட்டக்காரர் செய்ய நினைத்தாலும் அது நடக்குமா நடக்காதா என்று முடிவு சொல்வது அவர் வேலை. 1969-இல் வெஸ்லி அதை வைத்து பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மானிய ஊரை உருவாக்கினார். படைத்தளபதிகளோடு நிற்காமல் மேயர், வங்கிக்காரர், பல்கலைக்கழக வேந்தர் என்று ஊர்க்காரர்களையும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டார். வந்தவர்கள் போரை மறந்து தனித்தனி அறைகளுக்குப் போய்ச் சதி பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஆட்டம் சொதப்பிவிட்டது என்று வெஸ்லி நினைத்தார். உங்கள் கூட்டமோ அடுத்தது எப்போது என்று நச்சரித்தது.

பின்னால் வந்த ஒரு பிரவுன்ஸ்டைன் ஆட்டத்தை அன்று இருந்தவர்கள் கதையாகச் சொல்வார்கள், எனக்கு உங்கள் மேல் மரியாதை வந்ததே அதைப் படித்துத்தான். தென் அமெரிக்கப் பக்கம் ஒரு கற்பனைக் குடியரசு, ஆட்சிக் கவிழ்ப்பு நடக்கப்போகிறது. உங்களுக்குக் கிடைத்தது ஒரு புரட்சிக்கார மாணவன் வேடம், துண்டுப் பிரசுரம் விநியோகித்தால் புள்ளி. நீங்கள் என்ன செய்தீர்கள்? வீட்டிலேயே ஒரு போலி சி.ஐ.ஏ. அடையாள அட்டை தயார் செய்து பையில் போட்டுக்கொண்டு வந்தீர்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக அதைக் காட்டி நம்பவைத்து, கடைசியில் நாட்டின் கஜானாவோடு ஹெலிகாப்டரில் ஏறிவிட்டீர்கள். அதோடு விடாமல் மேலே இருந்து பிரசுரங்களையும் கொட்டி அந்தப் புள்ளிகளையும் வாங்கிக்கொண்டீர்களாம். விதிப்புத்தகத்தில் இதற்கு எங்கே இடம்? ஆனால் விதி மீறலும் இல்லை.

அப்புறம் வெஸ்லியை ராணுவப் பணிக்கு அழைத்துக்கொண்டார்கள். நடுவர் நாற்காலி காலி.

1971 வாக்கில் உங்கள் பெற்றோர் வீட்டுக் கீழ்த்தளத்தில், வழக்கம்போல நெப்போலியன் என்று நினைத்து வந்த நண்பர்கள், பிங்பாங் மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் கோட்டை நிற்பதைப் பார்த்தார்கள். ஒரு வார இறுதி முழுக்க டிவியில் பூதப் படங்களும் கையில் கோனன் என்ற வாள்வீரனின் கதைகளுமாக உட்கார்ந்திருந்ததன் விளைவு அது என்று பிற்பாடு நீங்களே சொன்னீர்கள். பிளாக்மூர் கோட்டை. அதன் அடியில் சுரங்க அறைகள், சாக்கடைகள், அவற்றில் என்னென்னவோ. இன்று உலகம் முழுக்க "டன்ஜன்" என்று ஆடப்படுகிற விஷயம் அந்த மேஜையில் ஆரம்பித்தது என்று சொல்வதில் மிகை இல்லை.

கோட்டையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. அடுத்த முறை வந்தபோதும் அதே ஆட்கள் அதே பாத்திரங்களாக உட்கார்ந்தார்கள், போன தடவை பட்ட அடி, சம்பாதித்த பணம், ஏற்பட்ட பகை எல்லாம் அப்படியே தொடர்ந்தது. கிரெக் ஸ்வென்சனின் வீரன் முதல் சுரங்கப் பயணத்தில் தப்பிப் பிழைத்து "கிரேட் ஸ்வென்னி" ஆனான். டேவ் ஃபான்ட்டின் பாத்திரம் இரத்தக்காட்டேரியாக மாறி, சர் ஃபாங் என்ற பெயரில் மற்றவர்களைப் பாடாய்ப் படுத்த, அவனை அடக்க ஒரு பாதிரியார் தேவைப்பட்டார். மைக் கார் அந்த வேடத்தை எடுத்தார். இன்று ஒவ்வொரு கணினி ஆட்டத்திலும் காயம் ஆற்றுகிற, பிசாசு விரட்டுகிற பூசாரி ஒருவர் கூடவே வருகிறாரே, அவருடைய மூதாதை இந்த ஃபாங் தொல்லையில் பிறந்தவர். யாரோ திட்டம் போட்டு உருவாக்கிய வகை இல்லை, ஒரு கூட்டாளியின் அட்டகாசத்துக்குப் போட்ட கடிவாளம்.

ஹிட் பாயின்ட், அதாவது ஒரு பாத்திரம் எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்ணிக்கை, அதன் கதையும் இப்படித்தான். நீங்கள் முதலில் பயன்படுத்திப் பார்த்த செயின்மெயில் என்ற பொம்மைச் சிப்பாய்ப் போர் விதிகளில் (இது கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதியது, 1971) சாதாரணச் சிப்பாய்க்கு ஒரு அடி பட்டால் ஆள் காலி. நூறு சிப்பாய்களை நகர்த்துகிறவனுக்கு அது வலிக்காது. ஆனால் ஒரே ஒருவனாக வாரக்கணக்கில் வாழ்ந்துவிட்டு, ஒரு பகடை விழுந்ததும் எழுந்து போ என்றால் யார் ஒத்துக்கொள்வார்கள்? அதனால் அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து இரும்புக் கப்பல்களுக்கான கடற்போர் விதிகளிலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்து மனிதனுக்கு மாட்டினீர்கள்: கப்பல் எத்தனை குண்டு தாங்கும் என்ற எண்ணிக்கை, அதன் தகடு எவ்வளவு உறுதி என்ற அளவு. நம் தெருப் பையன் செல்போனில் சுட்டுக்கொண்டிருக்கும்போது "எனக்கு ஹெல்த் கம்மியா இருக்குடா" என்று கத்துகிறானே, அவன் ஒரு இரும்புக் கப்பலைப் போலத்தான் கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறான், அவனுக்குத் தெரியாது.

சரி, கைகாக்ஸ்.

இங்கேதான் உங்கள் ரசிகர்கள் பலர் நிதானம் இழக்கிறார்கள். கைகாக்ஸ் திருடிவிட்டார் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், என்னால் அதை ஏற்க முடியவில்லை. 1972 கடைசியில் நீங்களும் டேவ் மெகாரியும் விஸ்கான்சினில் உள்ள லேக் ஜெனீவாவுக்குக் காரில் போய் கைகாக்ஸ் வீட்டில் பிளாக்மூர் ஆடிக் காட்டினீர்கள். அவர் சொக்கிப்போனார். எப்படி ஆடுவது என்று எழுதி அனுப்புங்கள் என்றார். நீங்கள் அனுப்பியது சுமார் 20 பக்கக் குறிப்பு. டாக்டர் எழுதிய சீட்டை மருந்துக்கடைக்காரர் படிப்பதுபோல அதை அவர்தான் படித்துப் புரிந்துகொண்டு, தட்டச்சு செய்து, பெருக்கி, ஒரு ஆட்டமாக நிறுத்தினார். இன்ஷூரன்ஸ் வேலை போன மனிதர், வீட்டிலேயே செருப்பு தைத்து வருமானம் பார்த்தவர், பிள்ளைகள் உள்ள குடும்பம். 1973-இல் டான் கேயுடன் சேர்ந்து டி.எஸ்.ஆர். என்ற பதிப்புக் கம்பெனி ஆரம்பித்தார், ஒரு பெட்டியில் மூன்று சிறு புத்தகம், விலை 10 டாலர், 1974 ஜனவரியில் 1,000 பெட்டிகள். ஒரு வருடத்துக்குள் தீர்ந்துவிட்டன. உங்களை நம்பியிருந்தால் அந்தப் பெட்டி வந்திருக்குமா? கோபித்துக்கொள்ளாதீர்கள், வந்திருக்காது. 1975-இல் உங்கள் பெயரில் வந்த பிளாக்மூர் இணைப்புப் புத்தகத்தை நான் படித்திருக்கிறேன். அதில் உள்ள தவளைக் கோயில்தான் இந்த வகை ஆட்டத்துக்கு அச்சில் வந்த முதல் சாகசக் கதை, அந்தப் பெருமை உண்டு, ஆனால் அதை அப்படியே எடுத்து ஒரு மாலை ஆட முடியுமா என்றால், என்னால் முடியவில்லை. உங்கள் திறமை எழுத்தில் இறங்கவே இல்லை.

ஆனால் புத்தகம் எழுதியவனிடம்தான் வழக்கு, பணம், புகழ் எல்லாம் போய்ச் சேர்கிறது. 1976-இல் டி.எஸ்.ஆரில் வேலைக்குச் சேர்ந்து அந்த வருடமே வெளியே வந்தீர்கள். அதன் பின் "அட்வான்ஸ்டு" என்ற முன்னொட்டோடு புதுப் புத்தகங்கள் வந்தன, அட்டையில் கைகாக்ஸ் பெயர் மட்டும். இது வேறு ஆட்டம், ஆகவே உங்களுக்கு ராயல்டி கிடையாது என்பது கம்பெனியின் வாதம். பெயரில் ஒரு சொல் சேர்த்தால் ஆட்டம் மாறிவிடுமா? நீங்கள் 1979-இல் வழக்குப் போட்டீர்கள், 1981-இல் சமரசமாக முடிந்தது. நீங்கள் கேட்டது நியாயம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வக்கீல்களால் அளக்க முடிந்தது அச்சில் இருந்ததை மட்டும்தான். எந்த அட்டவணை யாருடையது, எந்தப் பூதம் யாருடையது என்று பிரிக்கலாம். ஒரு ஆள் மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்து "இப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்பதும், வருகிற பதில் எதுவாக இருந்தாலும் அதிலிருந்து கதையை நகர்த்துவதும் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

எங்கள் மேஜையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சென்னையில் ஒரு நண்பர் வீட்டு ஹாலில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிறோம், நடுவர் நான். பாலத்தில் ஒரு ராட்சதன் சுங்கம் கேட்கிறான், ஆளுக்குப் பத்துப் பொற்காசு. சண்டை வரும் என்று அவனுடைய சண்டைக் கணக்கெல்லாம் எழுதிவைத்திருந்தேன். எங்களில் ஒருவர் ஆடிட்டர். அவர் பகடையைக் கையில்கூட எடுக்கவில்லை. "காசு தர்றேன், ரசீது குடு" என்றார். ராட்சதன் முழித்தான், அதாவது நான் முழித்தேன். "ரசீது புக் யார்கிட்ட இருக்கு? போன மாச வசூல் எவ்வளவு? யாருக்குக் கணக்கு கொடுக்கிறே?" என்று அவர் விடாமல் கேட்க, சரி உருட்டுங்கள் என்றேன். இருபது முகப் பகடையில் 17 விழுந்தது. ராட்சதன் தலையைச் சொறிந்துகொண்டு மேலதிகாரியைக் கேட்டுவிட்டு வருவதாக மலைக்குப் போய்விட்டான், எல்லோரும் பாலத்தைக் கடந்துவிட்டார்கள். ராட்சதனுக்கு ஒரு மேலதிகாரி இருப்பதே எனக்கு அந்த நிமிடம்தான் தெரியும், அடுத்த இரண்டு மாதக் கதை அவனைச் சுற்றியே ஓடியது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு யாருக்கு ராயல்டி கட்டுவது, டேவ் சார்? கட்ட வேண்டுமென்றால் போலி அட்டையோடு வந்த மாணவனுக்குத்தான் முதல் தவணை.

உங்கள் தலைமுறை எல்லோரையும் ஒரே மாலையில் கட்டிவிடவும் முடியாது. நீங்கள் ஒரு ஆட்டக்காரராகப் போய் உட்கார்ந்த மேஜை ஒன்று உண்டு, எம்.ஏ.ஆர். பார்க்கருடையது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசியத் துறைப் பேராசிரியர், உருது, பலூச்சி மொழிகளில் பாடநூல் எழுதியவர், 1975-இல் டி.எஸ்.ஆர். வெளியிட்ட அவருடைய டெக்குமெல் என்ற கற்பனை உலகத்தில் ஐரோப்பியக் கோட்டையும் குதிரைவீரனும் கிடையாது. நம் நாட்டு வாசகனுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா? பிறகு 2022-இல், அவரே புனைபெயரில் ஒரு நாஜி ஆதரவு நாவல் எழுதியிருந்தார் என்பதை அவருடைய படைப்புகளைப் பராமரிக்கும் அறக்கட்டளையே ஒத்துக்கொண்டது. அதற்கப்புறம் அந்த டெக்குமெல் புத்தகத்தை என்னால் பழைய மாதிரி திறக்க முடியவில்லை. இதில் உங்களுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் ஆதி ஆட்களைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டால் கடிதம் பொய்யாகிவிடும்.

கடைசிக் காலத்தில் ஃப்ளோரிடாவில் ஃபுல் செய்ல் பல்கலைக்கழகத்தில் விதிகளை எப்படி வடிவமைப்பது என்று பாடம் எடுத்தீர்கள். கைகாக்ஸ் 2008 மார்ச்சில் போனார், நீங்கள் 2009 ஏப்ரலில். அவர் போனபோது பத்திரிகைகள் எழுதிய அளவுக்கு உங்களுக்கு எழுதவில்லை. வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு, தாங்கள் சிறுவயதிலிருந்து பார்த்துவந்த ஹெல்த் பார் இந்த மனிதரின் கீழ்த்தளத்திலிருந்து வந்தது என்று முதல் நாளே தெரிந்திருக்குமா என்பது நான் உங்களிடம் கேட்க நினைத்த கேள்விகளில் ஒன்று.

அடுத்த மாதம் எங்கள் கூட்டத்தில் டிராகன், சுரங்கம் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு ஒரு பிரவுன்ஸ்டைன் ஆடிப் பார்க்கப்போகிறோம். ஒரு ஊர், நாளை தேர்தல், ஆளுக்கு ஒரு வேடம், ஆளுக்கு ஒரு ரகசிய நோக்கம். மாணவர் தலைவர் வேடத்துக்கு மூன்று பேர் போட்டி. வங்கி மேனேஜர் வேடம் தனக்குத்தான் வேண்டும் என்று ஆடிட்டர் இப்போதே சொல்லிவிட்டார், என்ன யோசித்து வைத்திருக்கிறார் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்.

அன்புடன்,
பாலத்தில் ராட்சதனைக் கோட்டைவிட்ட ஒரு நடுவர்