அந்த ஒரு தட்டு

அன்புள்ள தம்பி,

இங்கே நாங்கள் சுகம். ஊர் வெயில் பட்டதும் அம்மாவின் மூட்டுவலி பாதி குறைந்துவிட்டது. இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனை எடுத்தால் சாப்பிட்டாயா, உன் பேராசிரியர் என்ன சொன்னார் என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும், அதனால்தான் அப்பா உட்கார்ந்து எழுதுகிறேன். நவம்பரில் உன் ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரி முடிந்து வெளியே வந்ததும் நான் ஒன்று கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? "இவ்வளவுதானா தம்பி?" என்று கேட்டேன். நீ லேசாகச் சிரித்தாய், பதில் சொல்லவில்லை, அம்மாவின் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாய். கேட்டிருக்கக் கூடாது என்று அப்போதே உறைத்தது. ஏன் கூடாது என்று புரிய இரண்டு மாதம் ஆகியிருக்கிறது.

முதலில் பேண்டு கச்சேரியைச் சொல்கிறேன், அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் தப்புக் கணக்குப் போட்டேன். இசையே படிப்பாக எடுத்த பிள்ளைகளுக்கு உன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தனிக் குழுக்கள் இருக்கின்றன, நீ வாசிப்பது மற்ற படிப்புக்காரர்கள் சேர்ந்து வாசிக்கிற கேம்பஸ் குழு என்று முன்பே சொல்லியிருந்தாய். நர்ஸிங் படிக்கிற பெண், கணக்குப் படிக்கிற பையன், உன்னைப் போல மெக்கானிக்கல்காரர்கள். பேண்டு என்றதும் கல்யாண ஊர்வலத்தில் வருகிற பேண்டு வாத்தியம்தான் எனக்கு நினைவு. மேடையைப் பார்த்ததும் அது வேறு சமாசாரம் என்று தெரிந்தது. ஒரு வயலின்கூட இல்லை, வயலின் இருக்க வேண்டிய இடத்தில் வரிசை வரிசையாகக் கிளாரினெட். ஏ.கே.சி. நடராஜனின் ஒற்றைக் கிளாரினெட்டைக் கேட்டு வளர்ந்தவன் நான், அத்தனை கிளாரினெட் ஒன்றாக மூச்செடுத்து ஒன்றாக விட்டபோது உடம்பு சிலிர்த்தது.

ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் 1909-ல் பேண்டுக்கென்றே எழுதிய அந்த முதல் தொகுப்பு என் மனதில் நின்றுவிட்டது. டூபா, யூஃபோனியம் என்கிற பெரிய ஊதுகுழல்கள் அடிக்குரலில் ஒரு சின்ன வரியைச் சொல்லித் தொடங்கின, பிறகு அந்த வரியே ஒவ்வொரு வாத்தியமாகக் கைமாறிப் போயிற்று, நடுவில் தலைகீழாகவும் வந்தது. நம் வித்துவான்கள் பல்லவியை எடுத்துக்கொண்டு ஒரே வரிக்குள் ராத்திரி முழுக்க உலாவுவார்களே, அந்தப் புத்திதான் அங்கேயும் வேலை செய்கிறது. (அந்த ஹோல்ஸ்ட் சமஸ்கிருதம் கற்று, ரிக் வேதப் பாடல்களைத் தானே மொழிபெயர்த்து இசையமைத்தவர் என்று நீ சொன்னதை இங்கே ஒரு வாய்ப்பாட்டு வாத்தியாரிடம் சொன்னேன், அவருக்கு ஒரே ஆச்சரியம்.) மூன்றாவது பகுதி மார்ச்சில் நீ அந்தப் பெரிய டிரம்மை அடித்தபோது என் மகன் என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் அம்மா கையைக் காட்டிச் சொன்னாள். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் புரிந்துகொண்டு கட்டை விரலை உயர்த்தினார். பத்து வருஷம் மிருதங்கம் கற்ற கை வீண் போகவில்லை என்று எனக்கு அன்று பெரிய திருப்தி.

அதே கணக்கோடு ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரிக்கும் வந்தேன். நீ பின் வரிசையில் நிற்பாய் என்பதால் மாடியில் மேல் வரிசைக்குப் போய் உட்கார்ந்தோம். ஹில் அரங்கத்தைப் பற்றி நீ சொன்னது எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. டெட்ராய்ட்டில் கார்த் தொழிற்சாலைகளைக் கட்டிய ஆல்பர்ட் கான் 1913-ல் கட்டியது, சுமார் 3,500 பேர் உட்காரலாம், மைக் இல்லாமல் கடைசி இருக்கைவரை கேட்பதற்காகக் குழிந்த கிண்ணம் மாதிரி வளைத்திருக்கிறார்கள். மேடைக்குப் பின்னால் நிற்கும் ஆர்கன் முதலில் 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்காகச் செய்தது. அன்று நீங்கள் வாசித்த, செக் இசையமைப்பாளர் டுவோர்ஷாக்கின் சிம்பொனியும் 1893-தான், அதே கோடையில் அவரும் அந்தக் கண்காட்சிக்குப் போய் ஒரு கச்சேரி நடத்தியிருக்கிறார். இப்படி ஒன்றுக்கொன்று பழக்கப்பட்டவை ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஓபோ வாசிக்கும் பெண் ஒரு ஸ்வரத்தைப் பிடித்தாள், எல்லோரும் அதற்குச் சுருதி சேர்த்தார்கள். அவள் உதட்டில் வைத்திருந்தது இரட்டை நாணல், நாகஸ்வரத்தில் செருகுகிற நம் சீவாளிக்கு உறவுக்காரி. இரண்டாம் பகுதியில் இங்கிலீஷ் ஹார்ன் தனியாக எழுந்தது, அதுவும் இரட்டை நாணல்தான். க ப ப, க ரி ஸ, ரி க ப க ரி. முதல் வரி அப்படியே மோகனத்தின் ஸ்வரங்கள். நாகஸ்வர வீட்டில் பிறந்தவன் அந்தக் குளிரில், அவ்வளவு தூரத்தில், அந்த வரியைக் கேட்டால் எப்படி இருக்கும்? அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் என் கண்ணெல்லாம் உன்மேல். முதல் பகுதி முடிந்தது, நீ உட்கார்ந்திருந்தாய். இரண்டாவது முடிந்தது. மூன்றாவதில் முக்கோணக் கம்பியை வேறு ஒரு பெண் தட்டினாள். அரை மணி நேரம் ஆகிவிட்டது. நாலாவது தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, நீ எழுந்து அந்த இரண்டு வெண்கலத் தட்டுகளை எடுத்தாய், வார்களைக் கையில் சுற்றினாய், இதோ இடி விழப்போகிறது என்று நான் முன்னால் சாய்ந்தேன். ஸ்ஸ் என்று ஒரு சத்தம். பட்டுப் புடவை உரசுகிற மாதிரி. அவ்வளவுதான். தட்டுகளை நெஞ்சோடு அணைத்து ஓசையை அடக்கினாய், சத்தமில்லாமல் கீழே வைத்தாய், உட்கார்ந்தாய். மீதி ஒன்பது பத்து நிமிடமும் கண்டக்டர் கையைவிட்டு உன் கண் எடுபடவில்லை.

மூன்று மாதம், வாரா வாரம் ராத்திரி ஒத்திகை, பனியில் நடந்து போய் வந்தது, எல்லாம் இந்த ஒரு தட்டுக்கா என்று எனக்கு வயிறு எரிந்தது. அதுதான் வெளியே வந்ததும் வாயில் வந்துவிட்டது.

பஸ்ஸில் வரும்போது நீயாகவே பேச்சை மாற்றி டுவோர்ஷாக் கதையைச் சொன்னாய். 1892-ல் நியூயார்க்கில் இசைப் பள்ளி இயக்குநராக வேலைக்குப் போனவர், ஆறு பிள்ளைகளில் நாலு பேரை ஊரில் விட்டுவிட்டுப் போனார். அடுத்த வருஷம் மே 24 அன்று இந்த சிம்பொனியை எழுதி முடிக்கும்போது, பிள்ளைகள் சௌதாம்ப்டன் துறைமுகம் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று தந்தி வந்திருக்கிறது, தந்தி வந்த நேரத்தைக்கூட கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறார் மனுஷன். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உன் விமானம் முதல்முறை டெட்ராய்ட்டில் இறங்கிய நேரத்தை நான் அந்த வருஷத்துக் காலண்டரில் எழுதியிருக்கிறேன், அந்தத் தாளை இன்னும் கிழிக்கவில்லை. அதை அன்று உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

சரி, எது என்னை இப்போது எழுத வைத்தது என்று சொல்கிறேன். போன வாரம் நம் தெருவில் ஒரு கல்யாணம். நல்ல நாகஸ்வர செட். ஆலாபனை நடுவில், பின்னால் ஒரே ஸ்வரத்தை விடாமல் பிடிக்கிற சுருதிப் பெட்டி திடீரென்று நின்றுவிட்டது, பேட்டரி தீர்ந்திருக்கும். பந்தலில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாகஸ்வரக்காரர் சமாளித்து வாசித்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் எனக்குக் காலுக்குக் கீழே தரை இல்லாத மாதிரி இருந்தது. எழுந்து வெளியே வந்துவிட்டேன். அப்பா ஞாபகம். உன் தாத்தா.

தாத்தா நாகஸ்வர செட்டில் இருந்தார் என்று மட்டும்தான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். என்ன வாசித்தார் என்று நீ சின்ன வயதில் கேட்டபோது நாகஸ்வரம் என்று சொல்லிவிட்டேன். அது பொய் தம்பி. அவர் ஒத்து ஊதியவர். ஒத்தைப் பார்த்தால் நாகஸ்வரம் போலவே இருக்கும், விரல் வைத்து வாசிக்கத் துளை இருக்காது. ஒரே ஸ்வரம், ஸட்ஜம், அது மட்டும்தான். சாமி புறப்பாடு ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியற்காலைவரை நாலு வீதியும் சுற்றி வரும், அதுவரைக்கும் அந்த ஒரு ஸ்வரத்தை அறுபடாமல் பிடிக்க வேண்டும். கன்னத்தில் காற்றைச் சேர்த்து வெளியே விட்டுக்கொண்டே மூக்கால் மூச்சை உள்ளே இழுப்பார். கூட்டம் நாகஸ்வரத்தைப் பார்க்கும், தவிலைப் பார்க்கும், பொன்னாடையும் அவர்களுக்குத்தான். ஒத்துக்காரர் பெயரை யாரும் கேட்டதில்லை. சாப்பாட்டுப் பந்தியில்கூட அவர் கடைசியில்தான் உட்காருவார், அதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், ஏனென்றால் அந்த செட்டில் தாளம் போட்ட பையன் நான்தான்.

இதையும் உனக்குச் சொன்னதில்லை. ஒன்பது வயதிலிருந்து நாலு வருஷம், இந்தக் கையில் தாளத்தை, அந்தச் சின்ன ஜோடித் தட்டுகளை, வைத்துக்கொண்டு தவில்காரர் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அவர் கணக்கில் எங்கெங்கோ சுற்றிப் போவார், நம் காதைப் பிடித்து இழுக்கிற மாதிரி குறுக்கே குறுக்கே அடிப்பார், நான் மட்டும் அசையக் கூடாது. ஒருமுறை தூக்கத்தில் ஒரு அட்சரம் தள்ளிப் போட்டுவிட்டேன். அவர் திட்டவில்லை, திரும்பி ஒரு பார்வை பார்த்தார். ஊதிக்கொண்டே அப்பாவும் பார்த்தார். சுருதி மாதா, லயம் பிதா என்று வீட்டில் அடிக்கடி சொல்வார்கள், அன்று அந்த இரண்டு பேர் பார்வையிலும் அது இருந்தது. பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னை ஜால்ரா என்று கூப்பிட்டார்கள். அந்த வார்த்தைக்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். எட்டாவது படிக்கும்போது தாளத்தை வீட்டில் வைத்துவிட்டு, படிக்க வேண்டும் என்று சொல்லி விலகிவிட்டேன். அதே சமயத்தில்தான் செட்டில் சுருதிப் பெட்டி வாங்கினார்கள், அப்பாவுக்கும் வேலை போயிற்று. அவர் யாரையும் குறை சொல்லவில்லை. விசேஷ வீடுகளுக்குப் போனால் பந்தல் ஓரமாக நின்று அந்தப் பெட்டியின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பார்.

இதையெல்லாம் மறைத்து வைத்துக்கொண்டு உன்னிடம் வந்து இவ்வளவுதானா என்று கேட்டிருக்கிறேன். அந்தத் தட்டு எவ்வளவு கஷ்டம் என்று அந்த அரங்கத்தில் மற்ற எல்லோரையும்விட எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். ஓங்கி அடிப்பது சுலபம். அரை மணி நேரம் கை ஜில்லென்று ஆகக் காத்திருந்து, எழுந்து, அத்தனை வயலின்காரர்களுக்கு நடுவில் ஒரே முறை, அதுவும் அவ்வளவு மெல்லிசாக, ஒரு மயிரிழை முன்னாலோ பின்னாலோ போகாமல் வைப்பது என்றால், தாளம் போட்ட எனக்கு இப்போது நினைத்தால் உள்ளங்கை வேர்க்கிறது. நீ அதைச் சரியாக வைத்தாய் தம்பி. மாடியின் மேல் வரிசையில், மைக் இல்லாமல், எனக்குக் கேட்டது. அடித்து முடித்ததும் வேலை முடிந்தது என்று சாய்ந்து உட்காராமல் கடைசிவரை தாளத்துக்குள்ளேயே இருந்தாயே, அதை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நான் சொல்லிக் கொடுக்கவில்லை. மிருதங்க வாத்தியாராக இருக்கலாம். எனக்கு அதில் தாத்தாதான் தெரிகிறார்.

அம்மாவிடம் நேற்று ராத்திரி இதையெல்லாம் சொன்னேன். முப்பது வருஷமாகத் தாத்தா நாகஸ்வரக்காரர் என்று அவளும் நம்பிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "இதை முதலில் பிள்ளைக்கு எழுதுங்கள்" என்றாள்.

ஏப்ரலில் அடுத்த கச்சேரி என்று சொன்னாய். என்ன வாசிக்கிறீர்கள் என்று முன்கூட்டியே எழுது, நான் இங்கே யூடியூபில் கேட்டு வைத்துக்கொள்கிறேன், உனக்கு எந்த இடத்தில் வருகிறது என்பதையும் குறித்து அனுப்பு. கையுறை போடாமல் வெளியே போகாதே, தட்டு பிடிக்கிற கை.

தாத்தாவின் ஒத்தைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். ஆச்சா மரம், இத்தனை வருஷத்தில் ஒரு விரிசல்கூட விடவில்லை, சீவாளிதான் பொடிப் பொடியாக உதிர்ந்துவிட்டது. நாகஸ்வரம் செய்கிற நரசிங்கம்பேட்டையில் ஒருவரிடம் காட்டினேன், துடைத்து எண்ணெய் விட்டு வேறு சீவாளி பொருத்தித் தருகிறேன் என்றார், பத்து நாள் ஆகும். வந்ததும் ஊதிப் பார்க்கிறேன். ஒரு நிமிடம் பிடிக்க முடிந்தாலும் பதிவு செய்து உனக்கு அனுப்புகிறேன், உங்கள் ஓபோப் பெண்ணுக்கும் போட்டுக் காட்டு.

அன்புடன்
அப்பா